ஸ்கைரிமில் 30ஆம் லெவலில் திணறும் கேரக்டரை எப்படித் திருத்துவது?

கேட்டது இதுதான்: ஸ்கைரிம் என்ற ரோல்-பிளேயிங் வீடியோ கேமில் 30ஆம் லெவல் வந்துவிட்டது, ஒற்றைக்கை வாளும் உண்டு, வில்லும் உண்டு, நெருப்பு மந்திரமும் உண்டு, பூட்டுத் திறப்பது, பேரம் பேசுவது, பிக்பாக்கெட் மூன்றும் 50ஐத் தொட்டுவிட்டன. ஆனால் கல்லறைக்குள் ஒரு டிராகர் டெத்லார்டு (உயிர்பெற்ற பிணங்களான டிராகர்களில் பலமான வகை) எழுந்து நின்றால் இரண்டு அடியில் ஆள் காலி. இந்தக் கேரக்டரை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாமா, ஆரம்பித்தால் எந்த பில்ட் (எந்தத் திறமைகளை வளர்ப்பது என்ற திட்டம்)?

விட வேண்டாம். 30 என்பது இந்த கேமில் சீக்கிரமே திருத்திவிடக்கூடிய இடம். ஆனால் ஏன் இப்படி ஆனது என்று புரியாமல் புதுக் கேரக்டர் ஆரம்பித்தால் அதுவும் 30இல் இதே இடத்தில்தான் வந்து நிற்கும், அதனால் முதலில் அந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கைரிமில் எதிரியைக் கொன்றதற்காகவோ குவெஸ்ட் முடித்ததற்காகவோ நேராக லெவல் ஏறுவதில்லை. மொத்தம் 18 ஸ்கில், அவற்றில் எது ஏறினாலும் கேரக்டர் லெவலுக்குப் புள்ளி சேரும். ஒரு ஸ்கில் 15இலிருந்து 16க்குப் போனால் 16 புள்ளி, 90இலிருந்து 91க்குப் போனால் 91 புள்ளி. முதல் லெவலிலிருந்து இரண்டாவதுக்கு 100 புள்ளி வேண்டும், அப்புறம் ஒவ்வொரு லெவலுக்கும் 25 கூடிக்கொண்டே போகும். இப்போது உங்கள் லாக்பிக்கிங், ஸ்பீச், பிக்பாக்கெட் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 15இலிருந்து 50க்கு வர 1155 புள்ளி, மூன்றும் சேர்ந்தால் 3465. வேறு எதையுமே தொடாமல் இதை மட்டும் செய்திருந்தால்கூட 1ஆம் லெவலிலிருந்து 14ஆம் லெவலுக்கு வந்திருப்பீர்கள். 30ஆம் லெவலுக்குத் தேவையான மொத்தப் புள்ளியே 13,050தான், அதில் கால் பங்குக்கு மேல் சண்டையில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லாத இடத்தில் போயிருக்கிறது.

எதிரிகள் பக்கம் பார்த்தால், அவர்கள் உங்கள் லெவல் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள், அந்த எண் எதனால் வந்தது என்று பார்ப்பதில்லை. சாதாரண டிராகர் 1ஆம் லெவல், ரெஸ்ட்லெஸ் டிராகர் 6, வைட் 13, ஸ்கர்ஜ் 21, டெத்லார்டு 30. நீங்கள் பேரம் பேசி 30 ஆனாலும் கல்லறையின் கடைசி அறையில் டெத்லார்டுதான் வருவான், உங்கள் ஆயுதத்தைக் கையிலிருந்து பறக்கவிடும் டிஸ்ஆர்ம் ஷவுட்டோடு, அதாவது மந்திர முழக்கத்தோடு. ஆக, இந்த கேமில் பில்ட் போடுவது என்றால், 18இல் எந்த ஐந்தாறை மட்டும் உயிராக வளர்ப்பது, மற்றவற்றை எப்படித் தானாக வரும் அளவோடு விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான். பூட்டு கண்ணில் பட்டால் திறங்கள், அதில் தப்பில்லை, கஷ்டமான மாஸ்டர் பூட்டைக்கூட பெர்க் (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளியில் எடுக்கும் சிறப்புத் திறன்) இல்லாமல் பொறுமையாகக் கம்பியைத் திருப்பித் திறந்துவிடலாம். பெர்க் புள்ளியையும் காசு கொடுக்கும் பயிற்சியையும் அங்கே கொட்டாமல் இருந்தால் போதும்.

பெர்க் கணக்கும் இதே மாதிரிதான். எல்லா ஸ்கில்லின் பெர்க் மரத்திலும் சேர்த்து 251 பெர்க், உங்களிடம் இருப்பது 29. வாளுக்கு ஆர்ம்ஸ்மன், இரட்டைக்கை ஆயுதத்துக்கு பார்பேரியன், வில்லுக்கு ஓவர்டிரா என்று முதல் பெர்க் ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி, படிக்கு 20 சதவீதம் டேமேஜ் கூடும், ஐந்தும் போட்டால் இரட்டிப்பு. மூன்றிலும் ஒவ்வொரு படி போட்டவர் எந்த ஆயுதத்தை எடுத்தாலும் 20 சதவீதம்தான் கூட அடிப்பார். ஒன்றில் மட்டும் போட்டவர் அதே புள்ளியில் 60 சதவீதம். இந்தப் படிகள் ஸ்கில் 0, 20, 40, 60, 80 என்று திறக்கும், எனவே ஸ்கில்லும் கூடவே ஏற வேண்டும், அதுவும் ஒரே ஆயுதத்தைப் பிடித்துச் சண்டை போட்டால்தான் நடக்கும்.

பில்ட் பற்றிப் பேசும்போது எல்லோரும் எப்படி அடிப்பது என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். எப்படி உயிரோடு இருப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அடிப்பதைப் பற்றி யோசித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் இந்த கேமில் தற்காப்புக்குத் தெளிவான உச்சவரம்பு இருக்கிறது. வாள், அம்பு அடிக்கு எதிராக ஆர்மர் அதிகபட்சம் 80 சதவீதம் வரைதான் குறைக்கும். தலை, உடம்பு, கை, கால் நான்கும் போட்டிருந்தால் திரையில் 567 என்று காட்டும்போது அந்த வரம்பு வந்துவிடும், கேடயமும் சேர்த்தால் 542 போதும். அதற்கு மேல் 800, 1000 என்று ஏற்றுவதில் பயனே கிடையாது. டிராகன்பிளேட் கவசம், டேட்ரிக் கவசம் என்றெல்லாம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. ஸ்மிதிங் (கொல்லன் வேலை) நல்ல நிலையில் இருந்தால், ஒர்க்பெஞ்சில் மெருகேற்றி சாதாரணக் கவசத்தையே அந்த வரம்புக்குக் கொண்டுபோகலாம்.

மந்திரமும் டிராகனின் மூச்சும் வேறு கதை. ஆர்மர் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அவற்றை அது தடுக்காது. முழுக் கவசம் போட்ட வீரன் ஒரு மின்னல் மேஜிடம் (மந்திரவாதியிடம்) சுருண்டு விழுவதற்குக் காரணம் இதுதான், நிறையப் பேர் இதைக் கவனிக்காமலேயே ஹெல்த்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மேஜிக் ரெசிஸ்டன்ஸுக்கு, அதாவது மந்திரத்தைத் தாங்கும் சக்திக்கு, வரம்பு 85 சதவீதம். பிரெட்டன் இனமாக இருந்தால் பிறப்பிலேயே 25. லார்டு ஸ்டோன் என்ற சக்தி தரும் கல்லைத் தொட்டால் 25, கூடவே 50 ஆர்மர் புள்ளியும் இலவசம். ரிஃப்டனில் மாரா கோவிலில் கிடைக்கும் ‘தி புக் ஆஃப் லவ்’ குவெஸ்டை முடித்தால் 15, அது பெரும்பாலும் நடையும் பேச்சும்தான், எந்த லெவலிலும் செய்யலாம், ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆல்டரேஷன் என்ற மந்திரப் பிரிவின் மரத்தில் மேஜிக் ரெசிஸ்டன்ஸ் பெர்க் மூன்று படியும் போட்டால் 30. பிரெட்டனுக்கு எல்லாம் சேர்ந்து 95, அதாவது வரம்பைத் தாண்டிவிடும். வேறு இனத்துக்கு 70, அதுவே ஆட்டத்தை மாற்றிவிடும். உங்கள் கேரக்டர் எந்த இனமானாலும் லார்டு ஸ்டோனும் மாரா கோவிலும் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை, இரண்டுக்கும் ஒரு பெர்க்கூட செலவில்லை.

இனத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஆரம்ப ஸ்கில் வித்தியாசம் 5, 10 புள்ளிதான், 20 லெவலுக்குள் மறைந்துவிடும். நிலைத்து நிற்பது பிறவிக் குணங்கள் மட்டுமே. பிரெட்டனின் ரெசிஸ்டன்ஸ், ஹை எல்ஃபின் கூடுதல் 50 மாஜிக்கா (மந்திரம் போடச் செலவாகும் சக்தி), நார்டின் பாதிக் குளிர் தாங்கும் உடம்பு, ஆர்க்கின் பெர்சர்க்கர் கோபம். கடைசியாகச் சொன்னது நாளுக்கு ஒருமுறை 60 விநாடி, அடிப்பது இரண்டு மடங்கு, வாங்குவது பாதி. பெரிய எதிரிகளுக்கென்று சேமித்து வைக்கத் தெரிந்தவர் கையில் அதுவே இருப்பதிலேயே வலுவான இனச் சக்தி என்பது என் கருத்து.

இனி அடிப்பது. பதுங்கி வில் எய்யும் கேரக்டரைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் எந்த பில்டில் ஆரம்பித்தாலும் பாதிப் பேர் அதில்தான் போய் விழுகிறார்கள். காரணம் எளிது: இருட்டில் உட்கார்ந்து எய்யும் அம்புக்கு இரண்டு மடங்கு டேமேஜ், ஸ்னீக் (பதுங்கும் ஸ்கில்) 40இல் டெட்லி எய்ம் போட்டால் மூன்று மடங்கு, எதிரி தேடிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிப் போய்விடுவான். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு குகையும் ஒரே மாதிரி ஆகிவிடும், திறந்த வெளியில் டிராகன் வந்தாலோ பாஸ் அறையில் எதிரி முழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாலோ கைவசம் வேறொன்றும் இருக்காது. பதுங்குவது பிடித்திருந்தால் வில்லைவிட டேகர் என்ற குறுவாளைப் பரிந்துரைப்பேன். ஸ்னீக் 30இல் பேக்ஸ்டேப், 50இல் அசாசின்ஸ் பிளேட், அவ்வளவுதான், டேகரின் பதுங்கு அடி 15 மடங்கு. வெறும் 5 டேமேஜ் ஸ்டீல் டேகர் 75 அடிக்கும். டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிக் கூட்டத்தில் சேர்ந்தால் கிடைக்கும் ஷ்ரவுடட் கையுறை அதையும் இரட்டிப்பாக்கி 30 மடங்கு ஆக்கும். கிட்டே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் சவால், அந்தச் சவால்தான் இந்த பில்டின் சுவையும்.

கிட்டே போக, மனதை மயக்கும் மந்திரப் பிரிவான இல்யூஷன் உதவும். மஃபிள் மந்திரம் காலடிச் சத்தத்தை அடக்கும், அதைச் சும்மா நடந்துகொண்டே போட்டாலும் இல்யூஷன் ஏறும் என்பதால் 50ஐத் தொடுவது கஷ்டமே இல்லை, 50இல் குவையட் காஸ்டிங் பெர்க் வந்துவிட்டால் மந்திரம் போடும் சத்தமும் போய்விடும். அங்கிருந்து ஆட்டமே வேறு: ஒரு கொள்ளைக்கூட்டக் கோட்டைக்குள் புகுந்து ஒருவன் மேல் வெறியூட்டும் ஃபியூரி மந்திரத்தைப் போட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்தால் அவர்களே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இல்யூஷன் மந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லெவல் வரம்பு உண்டு, அதற்கு மேலான எதிரியிடம் பலிக்காது, அதனால் கின்ட்ரெட் மேஜ் மாதிரி வரம்பை ஏற்றும் பெர்க்குகளும் இரண்டு கையாலும் போடுவதும் கட்டாயம். டிராகர் மாதிரி எழுந்து வரும் பிணங்கள், டேட்ரா என்ற பேயினம், ட்வெமர் எந்திரங்கள் மேல் பலிக்க 90இல் மாஸ்டர் ஆஃப் தி மைண்ட் வரவேண்டும். அதுவரை டிராகர் கல்லறைகளில் இல்யூஷனை நம்பிப் போகாதீர்கள்.

மேஜாக ஆட நினைப்பவர்கள்தான் இந்த கேமில் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாளும் வில்லும் ஸ்கில் ஏற ஏற அதிகமாக அடிக்கும், பட்டறையில் மெருகேற்றினால் இன்னும் அடிக்கும். ஆனால் நெருப்பு, பனி, மின்னல் என்று தாக்கும் மந்திரங்களுக்கான டிஸ்ட்ரக்‌ஷன் ஸ்கில் ஏறினால் மந்திரத்தின் மாஜிக்கா செலவுதான் குறையும், டேமேஜ் அப்படியே இருக்கும். ஃபயர்போல்ட் 15இலும் 25, 90இலும் 25. ஆக்மென்டட் ஃபிளேம்ஸ் மாதிரியான பெர்க் இரண்டு படி போட்டால் 50 சதவீதம் கூடும், அதோடு சரி. எதிரியின் ஹெல்த்தோ ஏறிக்கொண்டே போகும். ‘மேஜ் ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, 25க்கு மேல் மாஜிக்கா தீர்ந்து ஓடிக்கொண்டே இருக்கிறேன்’ என்று சொல்பவர்கள் எல்லோரும் இந்தச் சுவரில்தான் முட்டுகிறார்கள்.

சுவரைத் தாண்ட மூன்று வழி இருக்கிறது, மூன்றும் சேர்ந்தால்தான் முழு மேஜ். முதலாவது, டிஸ்ட்ரக்‌ஷன் 40இல் வரும் இம்பேக்ட். இரண்டு கையாலும் ஒரே மந்திரத்தைப் போட்டால் எதிரி தடுமாறுவான், டிராகன்கூடத் தடுமாறும், மாஜிக்கா இருக்கும்வரை அவனால் உங்களைத் தொடவே முடியாது. இதற்கு முன்னால் வேறு எந்த டிஸ்ட்ரக்‌ஷன் பெர்க்கும் அவ்வளவு அவசரம் இல்லை. இரண்டாவது, பொருளில் மந்திரத்தை ஏற்றும் என்சாண்டிங். ஃபார்டிஃபை டிஸ்ட்ரக்‌ஷன் என்சாண்ட்மென்ட் மந்திரச் செலவைக் குறைக்கிறது, என்சாண்டிங் 100இல் பெர்க்குகளோடு ஒரு பொருளுக்கு 25 சதவீதம் போடலாம், தலை, உடம்பு, கழுத்து, மோதிரம் நான்கிலும் போட்டால் செலவு பூஜ்ஜியம். 100இல் கிடைக்கும் எக்ஸ்ட்ரா எஃபெக்ட் பெர்க்கை வைத்து அதே நான்கு பொருளில் இன்னொரு மந்திரப் பிரிவையும் இலவசமாக்கலாம். இதனால்தான் மேஜ் ஆடுபவர்கள் ஒவ்வொரு லெவலிலும் மாஜிக்காவையே ஏற்ற வேண்டாம் என்று சொல்வேன், பிற்பாடு அந்தப் புள்ளியெல்லாம் சும்மா கிடக்கும், 250 அளவில் நிறுத்திவிட்டு ஹெல்த்துக்குத் திரும்பிவிடுங்கள். மூன்றாவது, மருந்து செய்யும் ஆல்கெமி. இதைப் பலர் கவனிப்பதில்லை: ஃபார்டிஃபை டிஸ்ட்ரக்‌ஷன் மருந்து செலவைக் குறைப்பதில்லை, மந்திரத்தின் டேமேஜையே கூட்டுகிறது. பெயர் ஒன்று, வேலை வேறு. பெரிய சண்டைக்கு முன்னால் ஒரு பாட்டில் குடித்துவிட்டுப் போங்கள்.

எந்த மந்திரம் யாருக்கு என்பதும் முக்கியம். டிராகர்களும் நார்டுகளும் குளிரைப் பாதிக்குப் பாதி தாங்குவார்கள், அவர்கள்மேல் பனி மந்திரம் வீண், நெருப்பைப் போடுங்கள். மின்னல் எதிரியின் மாஜிக்காவையும் உறிஞ்சுவதால் மேஜ் எதிரிக்கு அதுதான் சரி. பனி ஸ்டாமினாவை (உடல் தெம்பை) குறைத்து வேகத்தையும் தடுக்கும், ஓடிவரும் இரட்டைக்கைக் கோடரிக்காரனை நிறுத்த நல்லது.

மேஜுக்குக் கவசம் வேண்டுமா என்றால், இரண்டு வழியும் சரிதான், நடுவில் நிற்காதீர்கள். ஆல்டரேஷனில் மேஜ் ஆர்மர் மூன்று படி போட்டு வெறும் அங்கியோடு நின்றால் எபனிஃபிளெஷ் என்ற தற்காப்பு மந்திரத்தின் 100 ஆர்மர் 300 ஆகும். ஒரே ஒரு கவசத் துண்டு போட்டாலும் அந்தப் பெருக்கல் போய்விடும். அங்கி வழியில் போனால் சண்டைக்கு முன் மந்திரம் போடும் பழக்கம் கையில் ஊறவேண்டும், ஒவ்வொரு 60 விநாடிக்கும் ஒருமுறை. அட்ரோனாக் ஸ்டோன் எதிரி மந்திரத்தில் 50 சதவீதத்தை விழுங்கித் தரும், ஆல்டரேஷன் 100இல் அட்ரோனாக் பெர்க் இன்னொரு 30, கேட்க அருமையாக இருக்கும். ஆனால் ஜீவன்களை வரவழைக்கும் கான்ஜுரேஷன் ஆள் என்றால் உங்கள் சொந்த மந்திரத்தையே அது விழுங்கிவிடும் வாய்ப்பு உண்டு, நெருக்கடியில் வரவழைத்த அட்ரோனாக் என்ற ஜீவன் வராமல் போனால் தாங்காது.

கான்ஜுரேஷனை நான் எந்த பில்டுக்கும் துணையாகப் பரிந்துரைப்பேன், வில்லாளிகளுக்கு முக்கியமாக. பவுண்ட் போ மந்திரம் போட்டால் கையில் எடையே இல்லாத வில்லும் 100 அம்பும் வரும், மிஸ்டிக் பைண்டிங் பெர்க்கோடு சேர்த்தால் மெருகேற்றாத டேட்ரிக் வில்லையே மிஞ்சும் டேமேஜ், அதுவும் ஸ்மிதிங்கில் ஒரு புள்ளிகூடப் போடாமல். ஃபோர்ட் அமோலில் அந்தப் புத்தகம் கிடைக்கும். சண்டை நடக்கும்போது இந்த மந்திரத்தைப் போட்டால் கான்ஜுரேஷனும் ஏறும், எய்தால் ஆர்ச்சரியும் ஏறும், இரண்டும் ஒரே சண்டையில். இந்த வில்லை மெருகேற்றவோ என்சாண்ட் செய்யவோ முடியாது, அதனால் பட்டறை வேலையில் ஆர்வமே இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல பில்ட் எனக்குத் தெரியாது.

இரட்டைக்கை ஆயுதம் பற்றிச் சுருக்கமாக: அடி பலம், வேகம் குறைவு, தற்காப்பு முழுக்கக் கவசத்தின் தலையில். ஸ்டாமினா இருந்தால்தான் பவர் அட்டாக் (ஓங்கிப் போடும் பலமான அடி), 70இல் ஸ்வீப் வந்தால் பக்கவாட்டு பவர் அட்டாக் முன்னால் நிற்கும் அத்தனை பேர் மேலும் விழும். இங்கே வெஜிடபிள் சூப்பை மறக்காதீர்கள். முட்டைக்கோஸ், லீக், உருளைக்கிழங்கு, தக்காளி சேர்த்து அடுப்பில் செய்யலாம், 720 விநாடிக்கு விநாடிக்கு ஒரு ஸ்டாமினா தரும். ஒன்று என்பது பார்க்க அற்பம்தான், ஆனால் பவர் அட்டாக்குக்கு முழு ஸ்டாமினா தேவையில்லை, பூஜ்ஜியத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும், அதனால் 12 நிமிடம் நிறுத்தாமல் பவர் அட்டாக் அடிக்கலாம். கேடயத்தால் மோதும் ஷீல்டு பேஷும் அதே மாதிரி.

ஸ்மிதிங், என்சாண்டிங், ஆல்கெமி மூன்றையும் சேர்த்து ஏற்றினால் கேரக்டர் எல்லை மீறிப் பலமாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சண்டை ஸ்கில் 30இல் இருக்கும்போது பட்டறையில் உட்கார்ந்து ஸ்மிதிங்கை 100க்கு ஏற்றினால் லெவல் எகிறிவிடும், அந்த மெருகேற்றிய கவசமும் வாளும் கையில் இல்லாத நேரத்தில் மாட்டினால் கதை முடிந்தது. சண்டை ஸ்கில்லோடு கைகோத்து ஏற்றுங்கள். இரும்புக் கத்தியையே நூற்றுக்கணக்கில் செய்துகொண்டிருக்காதீர்கள், பேட்ச் வந்த பிறகு பொருளின் மதிப்பைப் பொறுத்துத்தான் ஸ்கில் ஏறுகிறது, வைட்ரன் நகரத்துக்கு வடக்கே ஹால்டட் ஸ்ட்ரீம் கேம்பில் கிடைக்கும் டிரான்ஸ்மியூட் மந்திரத்தால் இரும்புத் தாதை வெள்ளியாகவும் பின் தங்கமாகவும் மாற்றி நகை செய்தால் ஸ்மிதிங்கும் ஏறும், ஆல்டரேஷனும் ஏறும், காசும் வரும். இரண்டாவது, மருந்தைக் குடித்து என்சாண்ட் செய்து அதைப் போட்டு இன்னும் பலமான மருந்து செய்து என்று சுற்றிச் சுற்றி எண்களைப் பெருக்கும் வித்தைகள். ஒருமுறை அதைச் செய்துவிட்டால் அப்புறம் எந்த எதிரியைப் பார்த்தாலும் எந்த உணர்ச்சியும் வராது. வேண்டாம்.

சரி, உங்கள் கேரக்டருக்கு வருவோம். வாள், வில், நெருப்பு மூன்றில் நான் வாளைத்தான் எடுக்கச் சொல்வேன், கூட ஒரு கேடயம். நீங்கள் சொன்ன பிரச்சினை அடி பத்தவில்லை என்பதைவிட அடி தாங்கவில்லை என்பது, அதற்குக் கேடயம் நேரடியான மருந்து. பிளாக் (தடுக்கும் ஸ்கில்) 30இல் குவிக் ரிஃப்ளெக்ஸஸ் போட்டால் நீங்கள் தடுக்கும் நேரத்தில் எதிரி பவர் அட்டாக் ஓங்கினாலே உலகம் மெதுவாகிவிடும், எந்தப் பக்கம் நகர்வது என்று யோசிக்க நேரம் கிடைக்கும், ஓங்கிய கையோடு அவனைக் கேடயத்தால் மோதித் தள்ளினால் அந்த அடியே விழாது. 50இல் எலிமென்டல் புரொடெக்‌ஷன், நெருப்பு, குளிர், மின்னல் மூன்றையும் கேடயம் பாதியாக்கும். லார்டு ஸ்டோன், மாரா கோவில் இரண்டையும் அதோடு சேர்த்துப் பாருங்கள், டிராகன் மூச்சுக்கு முன்னால் நின்று நடந்தே போய் வெட்டலாம்.

இதை வேகமாகக் கொண்டுவர வைட்ரனில் கம்பேனியன்ஸ் என்ற வீரர் குழுவில் சேருங்கள். அங்கேயே ஆத்திஸ் ஒற்றைக்கைக்கு 75 வரை, நியாடா பிளாக்குக்கு 75 வரை, ஃபார்காஸ் ஹெவி ஆர்மருக்கு 90 வரை பயிற்சி தருவார்கள். ஒரு லெவலுக்கு ஐந்து முறைதான் பயிற்சி எடுக்கலாம், அந்த ஐந்தையும் எந்த லெவலிலும் வீணாக்காதீர்கள். கம்பேனியன்ஸ் கதையை முடித்தபிறகு ஃபார்காஸைக் கூட வரும் துணையாகவும் வைத்துக்கொள்ளலாம், அப்போது அவனிடம் கட்டிய பயிற்சிக் காசை அவன் பையிலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். ரிவர்வுட்டில் ஃபேண்டாலிடம் ஆர்ச்சரிக்கும் இதே வழி 50 வரை உண்டு, மனசு மாறி வில்தான் வேண்டும் என்று தோன்றினால். பிளாக்கும் கவச ஸ்கில்லும் எதிரி எவ்வளவு பலமாக அடிக்கிறானோ அதற்கேற்பத்தான் ஏறும், ஓநாயோடு நின்று நேரத்தைப் போக்காமல் கொஞ்சம் பலமான ஒருவனையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்த பத்து லெவலுக்குப் பெர்க் எல்லாம் ஆர்ம்ஸ்மன், ஃபைட்டிங் ஸ்டான்ஸ், ஷீல்டு வால், குவிக் ரிஃப்ளெக்ஸஸ், எலிமென்டல் புரொடெக்‌ஷன், ஹெவி ஆர்மரின் ஜக்கர்நாட் இவற்றுக்கு மட்டும். லெவல் ஏறும்போது மூன்றில் இரண்டு முறை ஹெல்த், ஒருமுறை ஸ்டாமினா. மாஜிக்காவைத் தொடவே வேண்டாம், நெருப்பு மந்திரத்தை எண்ணெய் சிந்திய தரையைக் கொளுத்த வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அதுவே போதும்.

இந்த மாறுதல் நடக்கும் வரை டிஃபிகல்ட்டியைக் குறைத்துக்கொள்வதில் ஒரு தவறும் இல்லை. அடெப்ட் நிலையில் இருபுறமும் சமம். எக்ஸ்பர்ட்டில் நீங்கள் அடிப்பது முக்கால், வாங்குவது ஒன்றரை மடங்கு. மாஸ்டரில் பாதியும் இரண்டு மடங்கும். லெஜண்டரியில் கால் பங்கு அடித்து மூன்று மடங்கு வாங்குவீர்கள். நீங்கள் எக்ஸ்பர்ட்டில் இருந்தால் அடெப்டுக்கு வாருங்கள், ஆர்ம்ஸ்மன் நான்காவது படியும் 350க்கு மேல் ஆர்மரும் வந்தபிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே லாக்பிக்கிங்கிலும் ஸ்பீச்சிலும் போட்ட பெர்க்குகளை மீட்க இரண்டு வழி உண்டு. 2013இல் வந்த 1.9 பேட்ச்சில் சேர்த்த லெஜண்டரி வசதியால் 100ஐத் தொட்ட ஸ்கில்லை 15க்கு இறக்கி அதன் பெர்க் அத்தனையையும் திரும்பப் பெறலாம், ஆனால் உங்களுடையவை 50இல் நிற்பதால் இப்போதைக்கு உதவாது, அதற்காக 100 வரை ஏற்றவும் வேண்டாம், லெவல்தான் வீங்கும். டிராகன்பார்ன் விரிவாக்கம் உங்கள் கேமில் இருந்தால் (2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷனில் கூடவே இருக்கிறது) சோல்ஸ்டைம் தீவுக்குப் போய் அங்கே முக்கிய எதிரியான மிராக்கின் கதையை முடியுங்கள். அதன் முடிவில், ‘வேக்கிங் டிரீம்ஸ்’ கருப்புப் புத்தகத்துக்குள், ஒரு டிராகன் ஆன்மாவுக்கு (டிராகனைக் கொன்றால் கிடைப்பது) ஒரு ஸ்கில் மரம் என்று பெர்க்குகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், ஸ்கில் எண் குறையாது. அந்தத் தீவு 30 லெவலுக்குக் கொஞ்சம் கடினம், 40 பக்கம் போங்கள், லாக்பிக்கிங், ஸ்பீச், ஆர்ச்சரி, டிஸ்ட்ரக்‌ஷன் நான்கையும் கழற்ற நான்கு ஆன்மாவாவது ஷவுட்டுக்குச் செலவழிக்காமல் கையில் வைத்திருங்கள்.